குழந்தை பிறந்து ஏழு வாரம், ஓயாத அழுகை, பயம்: மாத்திரை இல்லாமல் குணமாகுமா?

கேள்வி: குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரியில் பத்து தடவை எழுந்து பார்க்கிறேன். தாய்ப்பால் கொடுப்பதால் மாத்திரை சாப்பிடப் பயம். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், பெரும்பாலும் பேச்சு வழி சிகிச்சையில்தான் தொடங்குவோம். கர்ப்பிணிகளுக்கும் இதே முறைதான்.

பிரசவமான இரண்டு மூன்று நாளில் பலருக்கும் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 1987-இல் இருந்தே இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு அதை நிரப்புங்கள். கடைசிக் கேள்வி, உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. அதை மட்டும் மறைக்கவே கூடாது.

பேச்சு வழி சிகிச்சைகளில் ஒன்று சிபிடி; நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றப் பழக்குவது. அதில் என்ன நடக்கும்? நீங்கள் எழுந்து எழுந்து பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். எழும் அந்த நொடியில் மனதில் ஓடுவது என்ன என்று எழுதச் சொல்வார்கள். 'நான் பார்க்காவிட்டால் மூச்சு நின்றுவிடும்.' சரி, பார்த்ததும் நிம்மதி எத்தனை நிமிடம் நீடிக்கிறது? அந்தக் குட்டி நிம்மதிதான் உங்களை மறுபடியும் எழுப்புகிறது. குழந்தை சமமான, கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருக்கிறது என்றால், அடுத்த தடவை எழுவதை ஐந்து நிமிடம் தள்ளிப்போடுவீர்கள். அப்புறம் பத்து நிமிடம். பயம் ஏறி, தானாகவே இறங்குவதை நீங்களே உணர்வீர்கள்.

வீட்டில் இருப்பவர்களோடு உரசல், தனிமை, 'பழைய நான் எங்கே போனேன்' என்ற ஏக்கம், இவைதான் அழுத்துகின்றன என்றால் உறவுகளை மையமாக வைத்த ஐபிடி என்ற பேச்சு சிகிச்சை நன்றாகப் பொருந்தும். இரண்டுமே பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும்.

சிகிச்சையாளர் கிடைக்கவில்லையா? பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களாலும் உதவ முடியும். பாகிஸ்தான் கிராமங்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளுக்கு வீடு தேடிப்போய் சிபிடி முறையில் உதவினார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில், குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்த உதவி கிடைத்த தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு இருந்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் அது 53 சதவீதம். எனக்கு இது இன்றும் பெரிய நம்பிக்கை தரும் செய்தி.

இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: தூக்கம். நான்கு ஐந்து மணி நேரம் யாரும் எழுப்பாமல் தூங்குங்கள். பால் எடுத்து வைத்துவிட்டால் ஒரு வேளையை வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம். தினமும் கொஞ்சம் நடப்பதும் உதவும். 'மூலிகைதானே' என்று எதையும் சாப்பிட வேண்டாம், அதுவும் மருந்துதான்.

நிலை தீவிரமாக இருந்தால் பேச்சு மட்டும் போதாது. தாய்ப்பால் கொடுக்கும்போதும் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் உண்டு, செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்து பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. தூக்கமே தேவைப்படாத பரபரப்பு, காதில் குரல் கேட்பது, யார் மீதும் சந்தேகம், தன்னையோ குழந்தையையோ என்னவாவது செய்துவிடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தனியாக விடாமல் யாராவது கூடவே இருக்கட்டும்.

முதல் சந்திப்புக்குக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகலாம். நடுவில் பால் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள், எங்களுக்கு அது பழக்கம்தான்.