பழைய ஃபோர் வீல் ஜீப்பில் முன் சக்கர பேரிங்கை நாமே டைட் வைக்கலாமா? எவ்வளவு டைட்?

வைக்கலாம். ஆனால் “முன் சக்கரம் ஆடுகிறது, நட்டை எவ்வளவு டைட் வைப்பது” என்று நீங்கள் கேட்டிருப்பது பாதிக் கேள்விதான். கடற்கரை மணலில் ஓடும் வண்டி என்றால், நட்டில் ஸ்பானர் வைக்கும் முன் உள்ளே இருக்கும் கிரீஸ் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக் வேலையும் தெரிந்த ஒரு டிரைவரின் மருமகன். 2017-இல் தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை ரோடு திறக்கும் வரை, தார் முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணலும் சேறும் தேங்கிய கடல் தண்ணீரும்தான். மாமா தன் மஹிந்திரா ஜீப்பில் அந்தத் தடத்தில்தான் தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிப் போய்வந்தார். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கக் கடல், தடத்தின் மேலேயே ஏறி நிற்கும். இன்று அதே ஜீப் வலையும் ஐஸ் பெட்டியும் சுமக்கிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வண்டி ஓடி ஹப், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுக்குடம், சூடாக இருக்கும்போது உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினால் ஹப் சட்டென்று குளிரும், உள்காற்று சுருங்கும், கிரீஸை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்தும் ஆயில் சீல் வளையம் தேய்ந்திருந்தால் அதன் வழியாகக் கடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறிவிடும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால், டைட் வைத்து மூடிவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பேரிங்கை வெளியே எடுத்தே தீர வேண்டும்.

முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்னால் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை வைக்காதீர்கள், அதுவும் மணலில். டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பக்கம், அதாவது சக்கரம் இடவலமாகத் திரும்பும் கீல் பக்கம், பாருங்கள். இதைப் பார்க்காமல் பேரிங் நட்டை இறுக்கிக்கொண்டே போனவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

ஹப் மூடியையும் ஷாஃப்டோடு சேரும் பிளேட்டையும் கழற்றினால், சக்கரம் சுழலும் அச்சான ஸ்பின்டில் மேல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெரிய நட் இருக்கும், நடுவே ஒரு லாக் வாஷர். வெளி நட் பூட்டுவதற்கு, உள் நட்தான் டைட் வைப்பதற்கு. வாஷரின் மடிந்த காதை நிமிர்த்திவிட்டுக் கழற்றுங்கள். இதற்கென்று ஆழமான பாக்ஸ் ஸ்பானர் விற்கிறது, வாங்கிவிடுங்கள். உளி வைத்துத் தட்டினால் நட்டின் மூலை சிதையும். அந்தத் தூள் போய் விழுவது பேரிங்கில்தான்.

கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவித் துணியில் காய வையுங்கள். காற்றுக் குழாயைப் பிடித்து ‘விர்ர்’ என்று சுற்றவிடாதீர்கள். ரோலரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி குத்தினதுபோல் புள்ளியோ, துருக் கோடோ, நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் கப்பும் (வெளி வளையம்) கோனும் (ரோலரோடு இருக்கும் உள் வளையம்) ஜோடியாகப் புதிது போடுங்கள். ஆயில் சீல் உட்காரும் இடத்தையும் தடவிப் பாருங்கள். அங்கே துரு சொரசொரப்பாக இருந்தால் புது சீலின் உதட்டை ஒரே மாதத்தில் தின்றுவிடும். நைசான உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் சீல் மாட்ட வேண்டும், உதடு பேரிங் பக்கம் பார்த்தபடி. கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறுபக்கம் ரோலர் சந்துகளில் புழுப்போல் பிதுங்கி வர வேண்டும். மேலே பூசினால் போதாது.

இனி நீங்கள் கேட்ட டைட். பிரேக் ஷூ டிரம்மில் உரசாதபடி முதலில் தளர்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த உரசலை பேரிங் டைட் என்று நினைத்துவிடுவீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள் நட்டை முறுக்குங்கள். சுற்றினால்தான் ரோலர்கள் தம் இடத்தில் உட்காரும். சக்கரம் பிடிக்கிறது என்று கைக்குத் தெரிந்ததும் நிறுத்தி, ஆறில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். பழைய வில்லிஸ் ஜீப் கையேட்டில் இருக்கும் கணக்கு இது. மஹிந்திரா ஜீப்பும் அந்த வம்சம்தானே. நட்டுக்கு ஆறு பட்டை. ஒரு பட்டையில் சாக்பீஸ் கோடு போட்டு, அடுத்த பட்டை அந்த இடத்துக்கு வரும்வரை திருப்பினால் ஆறில் ஒன்று ஆகிவிட்டது.

அப்புறம்தான் பலரும் ஏமாறுகிற இடம். வாஷரைப் போட்டு வெளி நட்டை இறுக்கும்போது, அது உள் நட்டை மரையின் இடைவெளி அளவுக்கு உள்ளே தள்ளும். நீங்கள் விட்ட தளர்ச்சியில் கொஞ்சம் போய்விடும். அதனால் வெளி நட்டை இறுக்கிய பிறகு ஒரு தடவை சுற்றிப் பாருங்கள், ஆட்டிப் பாருங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், கைக்கு ஆட்டமும் தெரியக்கூடாது. திருப்தி வரவில்லையா, கழற்றி மறுபடி வையுங்கள். சரியாக வந்த பிறகே காதை மடியுங்கள்.

கொஞ்சம் அதிகமாக டைட் வைத்தால் நல்லதுதானே என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஒருமுறை ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் வேலை முடித்துத் திரும்பினோம். நட்டை முறுக்கியதோடு சரி, பின்னால் விடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உச்சிப்புளி தாண்டும் முன்பே வலது சக்கரத்தில் கருகிய நாற்றம், அப்புறம் புகை. நான் தண்ணீர் கேனோடு ஓடினேன். “ஊத்தாத மாப்ள, வெடிச்சிரும்” என்று மாமா கையைத் தட்டிவிட்டார். ஆறியபின் கழற்றினால் கோன் நீலமாகி ஸ்பின்டிலோடு பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பின்டிலையே மாற்ற வேண்டியதாயிற்று. லூசாக இருந்தால் வண்டி சத்தம் போட்டு, டயரைத் தின்று, நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிடும். டைட்டாக இருந்தால் அரை மணி நேரம்கூடத் தராது.

வேலை முடிந்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, ஹப்பில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை பொறுக்காவிட்டால் அங்கேயே நட்டைக் கொஞ்சம் விடுங்கள். இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஆனதும் மறுபடி ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்துவிடுங்கள், புது கப் உட்கார்ந்து லேசாகத் தளர்ந்திருக்கலாம். அதற்கிடையில் கடல் தண்ணீரில் இறக்க வேண்டி வந்தால், கரையில் வண்டியை நிறுத்தி ஹப் ஆறும் வரை ஒரு டீ குடித்துவிட்டு இறக்குங்கள்.