நடக்க முடியாத அப்பாவுக்கு வீட்டில் ஏற்றி இறக்கும் கட்டில் வாங்கப் போகிறோம். எது வாங்கலாம், எப்படிப் போடலாம்?

"பணம் பிரச்சினை இல்லை, மோட்டார் வைத்த கட்டிலாகவே பார்க்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் அதே வரியைத்தான் சொன்னார்கள்.

நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிற மகன், ஊரில் அப்பாவோடு இருப்பது உங்கள் அம்மாவோ மனைவியோ அண்ணியோ என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். சரியென்றால், கடைக்குப் போன் செய்வதற்கு முன்னால் அவர்களுக்குப் போன் செய்யுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கப் போகிறவர் அவர்தான். கட்டிலை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

எங்கள் ஊர் குழித்துறைப் பக்கம். களியக்காவிளை தாண்டினால் கேரளம். பெரிய வியாதி என்றால் இங்குள்ளவர்களில் பாதிப்பேர் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுவோம். என் மாமிக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, 74 வயதில் பக்கவாதம் வந்தபோது அங்கேதான் கொண்டுபோனோம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். முந்தின ராத்திரி துபாயிலிருந்து கொழுந்தன் கூப்பிட்டார். "மைனி, கட்டிலு புக் பண்ணியாச்சு. ரிமோட் உள்ளதாக்கும். இனி நீங்க கெடந்து கஷ்டப்பட வேண்டாம்." 58 ஆயிரம் ரூபாய்.

அவர் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் நின்று சம்பாதித்த காசு அது. ஆனால் வாசல் எத்தனை அகலம், மாமி எத்தனை உயரம், எந்த அறையில் போடப் போகிறோம் என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அந்த ஆதங்கம் இன்றைக்கும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

மாமியைக் கூட்டிவந்த நாளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும். நாற்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். வழி முழுக்கப் பாறை ஏற்றிய பெரிய லாரிகள். இந்தப் பக்கத்து மலையை உடைத்து அந்தப் பக்கம் கொண்டுபோகிறார்கள். ரோட்டில் குழி விழாத இடமில்லை. ஆம்புலன்ஸ் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் மாமி முனகினார், நான் அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டே வந்தேன். பகல் மூன்று மணிக்கு வரவேண்டிய கட்டில் வண்டி லாரி வரிசையில் மாட்டி ராத்திரி ஒன்பதுக்கு வந்தது. எத்தனையோ மனு கொடுத்தாயிற்று. நோயாளியை வைத்துக்கொண்டு ஒருமுறை அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும் இது சின்ன விஷயமில்லை என்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டிலின் அகலம் 36 அங்குலம். எங்கள் ஓட்டு வீட்டு நிலையின் அகலம் 30. தலைமாட்டுப் பலகையையும் கால்மாட்டுப் பலகையையும் கழற்றி, சட்டத்தைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளிகள் நாலுபேர் பிடித்து உள்ளே ஏற்றினார்கள். அதனால் கதவை மட்டும் அளந்தால் போதாது. திண்ணையிலிருந்து உள்ளே திரும்புகிற மூலையையும் அளக்க வேண்டும். ஆறரை அடி நீளச் சட்டம் அங்கே திரும்புமா என்பதுதான் கேள்வி.

பார்க்க வருகிறவர்களுக்கு வசதி என்று முன்னறையில் போட்டார்கள். குளியலறை பின்கட்டில். அதைவிடப் பெரிய தப்பு, மாமியின் வலது பக்கம் சுவரோடு ஒட்டும்படி போட்டது. இடது பக்கம் தளர்ந்தவர் வலது பக்கமாகத்தான் இறங்க வேண்டும், பலமுள்ள காலை ஊன்றித்தான் எழ வேண்டும். அந்தப் பக்கம் சுவர் இருந்தால் எப்படி இறங்குவார்? பத்து நாள் கழித்து பிசியோதெரபி செய்ய வந்த தம்பி சொன்ன பிறகுதான் திருப்பிப் போட்டோம். உங்கள் அப்பாவுக்கு எந்தப் பக்கம் தளர்ச்சி என்று எழுதவில்லை. கட்டில் வருவதற்கு முன்னால் அதை முடிவு செய்துவிடுங்கள். அப்பா இறங்குகிற பக்கத்தில் நாற்காலியோ சக்கர நாற்காலியோ நிற்க மூன்று அடியாவது விடுங்கள். மற்றப் பக்கம் ஓர் ஆள் நுழைந்து விரிப்பு மாற்ற இடம் இருந்தால் போதும்.

கடையில் செமி ஃபவுலர், ஃபுல் ஃபவுலர் என்பார்கள். ஏதோ கம்பெனிப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். ஜார்ஜ் ரையர்சன் ஃபவுலர் என்று நியூயார்க்கில் இருந்த சர்ஜன் பெயராம், வயிற்று ஆபரேஷன் ஆனவர்களைத் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைக்கச் சொன்னவர். செமியில் முதுகுப் பக்கம் மட்டும் உயரும். ஃபுல்லில் முட்டிப் பக்கமும் உயரும். என்னைக் கேட்டால் ஃபுல் ஃபவுலருக்குக் குறைந்து வாங்க வேண்டாம். முட்டி உயராத கட்டிலில் முதுகை ஏற்றினால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்மாட்டுக்கு வழுக்குவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு இறங்கும். நடுவில் மாட்டிய சதை நைந்துபோகும். படுக்கைப்புண்ணுக்கு அதுவும் ஒரு வழி.

எங்களுக்கு அது நடந்தது. ஐப்பசி மாதம், துலாவர்ஷ மழை. ராத்திரிச் சாப்பாடு கொடுக்க முதுகை நன்றாக ஏற்றியிருந்தேன். ஒரு இடி இடித்துக் கரண்ட் போயிற்று. கட்டிலில் பேட்டரி கிடையாது, கையால் இறக்கவும் வழியில்லை. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். படுக்கைப்புண் வராமல் இருக்கப் போட்டிருந்த காற்று மெத்தையின் பம்பும் நின்று மெத்தை தளர்ந்துகொண்டே வருகிறது. கரண்ட் வர நாலு மணி நேரம். என் கணவரும் நானும் மாறி மாறி மாமியைத் தூக்கித் தூக்கி மேலே வைத்தோம். அப்படி இழுத்து வைத்ததும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாளில் இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பக்கம் சிவந்து, பிறகு தோல் உரிந்தது. ஆற மூன்று மாதம் ஆயிற்று.

புண் வந்தது கவனிப்புக் குறைவால், கட்டிலைப் பழிக்காதே என்று யாராவது கீழே எழுதலாம். எழுதட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துத் திருப்பியவள் நான். மோட்டார் கட்டிலே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பேட்டரி உள்ளதா, கரண்ட் இல்லாதபோது கையால் இறக்க வழியுண்டா என்று கேட்டு, கடைக்காரரைப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, உங்கள் கண்முன்னே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால், கைப்பிடி சுற்றுகிற கட்டிலே மேல். சுற்றி முடித்ததும் கைப்பிடியை உள்ளே மடக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் முழங்காலைப் பதம் பார்க்கும். காற்று மெத்தை பம்பை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

அடுத்தது உயரம். யாரும் சொல்லாத விஷயம் இது. கட்டில் சட்டம் தரையிலிருந்து 22 அங்குலம், மேலே ஃபோம் மெத்தை 5, அதற்கு மேல் காற்று மெத்தை 3. மொத்தம் 30 அங்குலம். மாமி நாலடி பத்தங்குலம். உட்கார வைத்தால் கால் அந்தரத்தில் தொங்கும். "எனக்க காலு தரையில படல்ல மக்ளே, கீழ எறக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். பாதம் தரையில் பதியாமல் ஒருவர் எழுந்து நிற்க எப்படிப் பழகுவார்? கடையில் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கடைசியில் மார்த்தாண்டத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து சக்கரங்களைக் கழற்றி ரப்பர் புஷ் போட்டோம், நாலு அங்குலம் இறங்கியது. ஃபோமை மெல்லியதாக மாற்றினோம். பாக்கிக்கு ஆசாரி அகலமான மரப்பலகை செய்து, வழுக்காமல் அடியில் ரப்பர் ஷீட் ஒட்டிக் கொடுத்தார். கொழுந்தன் போட்ட காசில் பாதிக்கு, மொத்தக் கட்டிலும் ஏறி இறங்குகிற மாதிரி இல்லாவிட்டாலும், தாழ்ந்த கட்டில் ஒன்று வாங்கியிருக்கலாம். உயரம் மாற்றுகிற வசதியுள்ளது வாங்கப் பணமிருந்தால் அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். உட்காரும்போது தாழ்த்தலாம், துடைத்துவிடும்போது நம் இடுப்பு உயரத்துக்கு ஏற்றலாம். என் முதுகுவலிக்கு நான் குடித்த மருந்துக்கணக்கு யாரிடமும் இல்லை.

மெத்தை கூடக்கூடப் பக்கக் கம்பியின் உயரம் குறையும் என்பதையும் பாருங்கள். எங்கள் கம்பி சட்டத்துக்கு மேல் 14 அங்குலம். 8 அங்குல மெத்தை போட்டதும் மிச்சம் 6தான், உருண்டால் தடுக்காது. கம்பிகளுக்கு இடையிலும், கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவிலும் தலை நுழைகிற இடைவெளி இருக்கக்கூடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டலில் 120 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்பாவுக்கு நினைவுத் தடுமாற்றம் இருந்தால் கம்பியை ஏறிக் கடக்கப் பார்ப்பார். அப்படிப்பட்டவருக்குக் கட்டிலைத் தாழ்த்துவதுதான் காவல்.

வீட்டில் இருக்கிற பழைய தென்னைநார் மெத்தையை இதில் போடாதீர்கள். கட்டில் மடங்கும், அது மடங்காது. மடிப்பு வைத்த ஃபோம் போட்டு, அதன் மேல் காற்று மெத்தை, அதன் மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு. பாசத்தில் மேலே மேலே போர்வை விரித்தால் காற்று மெத்தை போட்ட பலனே போய்விடும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது கேரளப் பக்கம் பாறசாலையில் கட்டிக்கொடுத்த நாத்தனாரின் பஞ்சாயத்தில், படுக்கையில் கிடக்கிற நோயாளிகளைப் பார்க்க வீடு வீடாகப் போகிற பாலியேட்டிவ் நர்ஸ். கேரளத்தில் 2008-லேயே இதற்கென்று அரசுக் கொள்கை கொண்டுவந்துவிட்டார்கள். எல்லை தாண்டி அவரால் வர முடியாது, வீடியோ காலில் மலையாளத்தில் சொன்னார், எனக்குப் புரிந்தது. முதலில் முட்டியை ஏற்று, பிறகு முதுகை. இறக்கும்போது முதுகை முதலில். சாப்பிடும்போது நன்றாக நிமிர்த்தி, முடிந்து அரைமணி நேரம் அப்படியே வை. மற்ற நேரம் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கி வை. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார், வெளுக்காவிட்டால் அந்தப் பக்கம் படுக்கவே வைக்காதே. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார். நம் பக்கத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முடிந்தால் முதல் இரண்டு மாதம் வாடகைக் கட்டிலில் பாருங்கள். அப்பா எந்த அளவுக்கு எழுந்து வருவார் என்று அதற்குள் தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரிக் கட்டில் வீட்டுக்கு வந்தால் ஆள் எழும்பாது என்று எங்கள் தெருவிலும் சொன்னார்கள். மாமி இப்போது காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் அந்தப் பலகையில் பதிய, வலது கையால் தானே டம்ளரைப் பிடித்துக் கட்டஞ்சாயா குடிக்கிறார்.

அப்பாவின் உயரம், தளர்ந்த பக்கம், கதவு அகலம், குளியலறை எத்தனை அடி தூரம் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த அளவுக்குப் பார்த்துச் சொல்கிறேன்.