வேலையை விடும் நாளில் தம்பியின் ஃபிளாட் கடன் உங்கள் தலையில் விழும்

கேள்வி: டெக்சாஸ் இர்விங்கில் இருக்கிறேன். வயது 31, அமெரிக்கக் குடியுரிமை உண்டு. இங்கேயே அக்கவுண்டிங் படித்து, ஆண்டுக்கு 88,000 டாலர் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். பல் மருத்துவராக ஆசை. அறிவியல் பாடங்கள் படிக்காததால் முதலில் போஸ்ட்-பேக் (பட்டத்துக்குப் பிறகு அறிவியல் பாடங்களைப் படிக்கும் படிப்பு) முடிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முழுநேரப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, மொத்தக் கட்டணம் 46,000. வேலையில் இருந்தபடி இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் மாலையில் படித்தால் ஒரு கிரெடிட்டுக்கு (பாட அலகு) 450. சேமிப்பு 38,000. தம்பி கோவை சரவணம்பட்டியில் ஃபிளாட் வாங்க என் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கடன் எடுத்துக் கொடுத்தேன், 19,000 பாக்கி. அவனுடைய இஎம்ஐக்கு மாதம் 700 அனுப்புகிறேன். இப்போது ஃபிளாட் வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அத்தை மகன் ஐயுஎல் பாலிசி (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) போட்டால் படிப்புச் செலவுக்கு ஆகும் என்கிறார். எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: படிப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, தம்பி விஷயத்தை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். என்னை உறுத்துவது அந்த நாலு வரிதான்.

வேலையை விட்டால் 401(கே) கடனை மாதத் தவணையாகக் கட்டும் வசதி பெரும்பாலான திட்டங்களில் நின்றுவிடும். உங்கள் திட்டம் எப்படி என்று எச்.ஆரிடம் கேளுங்கள். அடுத்த ஆண்டு வரி தாக்கல் கெடுவுக்குள் பாக்கியை ஈடுகட்டாவிட்டால், அது நீங்கள் எடுத்துச் செலவழித்த பணமாகக் கணக்காகும். வரி ஏறக்குறைய 20 சதவீதம், அபராதம் 10 சதவீதம்: 5,700 டாலர் போச்சு.

சரி, முழுநேரப் படிப்பின் கணக்கைப் போடுவோம். கட்டணம் 46,000. வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் மாதம் 2,200 என்றாலும் இரண்டு ஆண்டில் 52,800. தம்பிக்கு 16,800. மேலே சொன்ன 5,700. ஆக மொத்தம் 1,21,000 சொச்சம். சேமிப்பு முழுவதையும் போட்டாலும் 83,000 துண்டு விழும். மேற்படிப்புக்கான முன்தயாரிப்புப் பாடங்களுக்கு அரசுக் கடன் ஒரே ஒரு முறை, 12 மாதத்துக்கு மட்டும், அதிகபட்சம் 12,500 தான். மீதி 70,000 தனியார் கடன். இத்தனையும் பல் மருத்துவக் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே!

அந்த வாசலும் இப்போது குறுகிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 என்று வரம்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியார் வங்கிதான். ஏற்கெனவே 70,000 கடனோடு போய் நின்றால் என்ன வட்டி சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாலை வகுப்பைப் பாருங்கள். உயிரியல், கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், இயற்பியல் ஒவ்வொன்றும் 8 கிரெடிட், பயோகெமிஸ்ட்ரி 3. கூடுதலாக ஒன்றிரண்டு பாடம் சேர்த்து 40 என்று வையுங்கள். 18,000 டாலர். இரண்டரை ஆண்டில் பரப்பினால் மாதம் 600. தம்பிக்கு அனுப்புவதைவிட நூறு குறைவு.

ஆகவே இர்விங்கிலேயே இருங்கள். டெக்சாஸின் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் 90 சதவீத இடங்கள் மாநிலவாசிகளுக்கு. அதை வைத்துக்கொண்டு வேறு மாநிலம் போவானேன்? ஆனால் அவசரப்பட்டு ஒரே செமஸ்டரில் மூன்று அறிவியல் பாடம் எடுக்காதீர்கள். ஒரு பாடத்தை இரண்டாம் முறை படித்தாலும் பழைய மதிப்பெண் விண்ணப்பத்தில் அழியாது. ஆர்கானிக் லேப் பகலில் வரலாம். மேனேஜரிடம் இப்போதே பேசி வையுங்கள். அந்தத் தனியார் கல்லூரி மேல் இன்னும் ஆசை இருந்தால் ஒன்று கேளுங்கள்: படிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குப் பல் மருத்துவ இடம் கிடைத்தது? 'முடித்தவர்களில்' என்று பதில் வந்தால், பாதியில் விட்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம்; போனை வைத்துவிடலாம்.

ஐயுஎல் வேண்டவே வேண்டாம். முதல் சில ஆண்டுகளில் கமிஷனும் கட்டணமும் போக மிஞ்சுவது சொற்பம். உங்களுக்குப் பணம் தேவைப்படுவதும் அதே ஆண்டுகளில்தான்.

இனி தம்பி. முதல் செமஸ்டர் கட்டணம் கட்டும் மாதத்திலிருந்து 700 வராது என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள், அம்மா மூலமாக வேண்டாம். அந்தப் பணம் பாதி வகுப்புக்கு, பாதி 401(கே) பாக்கிக்கு. அப்புறம், ஃபிளாட் வாடகைக்குப் போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாடகை யார் கணக்கில் விழுகிறது என்று மட்டும் எழுதவில்லை.