கதாநாயகி கோமாவில், ஆப்போ திறக்க மறுக்கிறது

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்காகத் தினமும் ஒரு தமிழ்நாட்டு நாடகம் போடுகிறோம். கதாநாயகி மாதக்கணக்கில் கோமாவில் கிடக்கிறார், கதை நகரவே இல்லை. விட்டுப்போன எபிசோட்களைப் பார்க்கலாமென்று, சென்னை அண்ணி மூலம் அங்குள்ள ஓர் ஆப்புக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். இங்கே திறந்தால் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்கிறது. கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டி, இதை டிவியில் மாட்டினால் எல்லாமே வரும் என்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். காரணம் கீழே இருக்கிறது. முதலில் கோமா.

இந்தியாவில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக்கூடாது என்பது விதி. அப்படியே பார்த்தாலும் அரை மணி நாடகத்துக்கு 24 நிமிடம் கதை வேண்டும். திங்கள் முதல் சனி வரை என்றால் 144 நிமிடம். வாராவாரம் ஒரு முழுப் படத்தின் நீளம்! அவ்வளவு கதை யாரிடம் இருக்கிறது? அதனால்தான் டாக்டர் ரிப்போர்ட்டோடு வெளியே வந்ததும் கேமரா மாமியார் முகத்துக்குப் போகிறது, அப்புறம் நாத்தனார், அப்புறம் வாசலில் நிற்கும் டிரைவர். ஒவ்வொருவருக்கும் ஒரு 'டொய்ங்'. டாக்டர் "அது வந்து..." என்று வாயைத் திறக்கும்போது தொடரும். மறுநாள் முதல் இரண்டு நிமிடம் அதே முகங்கள். கோமாவுக்கு வேறு காரணமும் இருக்கலாம்: நடிகையின் கால்ஷீட் கிடைக்காவிட்டால் ஒன்று படுக்கையில் போடுவார்கள், இல்லையென்றால் 'இனி இவருக்குப் பதில் இவர்'.

பார்ப்பவர்கள் சலித்துக்கொண்டால் மாற்ற மாட்டார்களா என்றால், மாற்றுவார்கள். ஆனால் யார் சலித்துக்கொள்வது என்பதுதான் விஷயம். பார்க் என்ற அமைப்பு இந்தியாவில் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி வைத்து வாராவாரம் ரேட்டிங் எடுக்கிறது. கதையை இழுப்பதா முடிப்பதா என்பது பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். பட்டர்வொர்த்திலும் செந்தூலிலும் அந்தக் கருவி கிடையாது. நாம் கோபித்துக்கொண்டு டிவியை அணைத்தாலும் அதில் ஒரு புள்ளி குறையாது. என்னைக் கேட்டால், வெள்ளி, சனி எபிசோட்களை மட்டும் பாருங்கள், கதை கைக்குள் வந்துவிடும். அம்மா ஒப்புக்கொள்வார் என்று சொல்லவில்லை.

இனி ஆப். ஒரு நாடகத்தைக் காட்டும் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்பார்கள். மலேசிய உரிமை இங்குள்ள ஒரு நிறுவனத்திடம் போய்விட்டால், இந்திய ஆப் இங்கே அதைக் காட்ட முடியாது. பணம் கட்டியது சென்னை அண்ணியாக இருந்தாலும், ஆப் பார்ப்பது உங்கள் வீட்டு இணைய இணைப்பின் முகவரியைத்தான் (ஐபி); எந்த நாடு என்பது அதில் தெரிந்துவிடும். யூடியூபிலும் இதே கதைதான். எந்தெந்த நாட்டில் தெரியக் கூடாது என்று வீடியோவின் உரிமையாளரே அடைத்துவிட முடியும்.

வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் விபிஎன் போடலாமே என்பீர்கள். அது பெரும்பாலான ஆப்களின் விதிமுறைக்கு விரோதம். கண்டுபிடித்தால் அடைத்துவிடுவார்கள், சந்தாப் பணமும் போய்விடலாம்.

பெட்டி அதைவிட மோசம். திருட்டு ஒளிபரப்புக்கான கருவிகளை விற்பதும் விநியோகிப்பதும் 18 மார்ச் 2022 முதல் இங்கே பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அபராதம் 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை, சிறை 20 ஆண்டு வரை. சட்டம் குறிவைப்பது விற்பவரை. ஆனாலும் பெட்டிக்கு நிகழ்ச்சிகளை அனுப்பும் சர்வர் ஒருநாள் நின்றுபோனால் உங்கள் பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை. இப்படிப்பட்ட பெட்டிகளில் சில, தீய மென்பொருளோடுதான் கடைக்கே வருகின்றன. நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே வைஃபையில் அதை மாட்டுவானேன்?

சரி, செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் ஆஸ்ட்ரோ கட்டண டிவி இருந்தால் அந்தச் சேனல் உங்கள் தொகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விட்டுப்போன எபிசோட்களை, வேண்டும்போது பார்க்கும் 'ஆன் டிமாண்ட்' பகுதியில் தேடுங்கள். வேறு ஆப்புக்குப் பணம் கட்டுவதானால் விலை ரிங்கிட்டில் வருகிறதா என்று கவனியுங்கள். கட்டுவதற்கு முன்பே, இங்கிருந்தபடி, அந்த நாடகத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரே ஆப்பில் நாட்டுக்கு நாடு சரக்கு வேறு. போனில் கூகுள் பிளே நாட்டை இந்தியாவுக்கு மாற்றிப் பார்க்கவும் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும், மாற்றினால் அது பாட்டுக்கு அங்கேயே நின்றுவிடும்.

கட்டிய சந்தாவைத் திருப்பித் தரச் சொல்லி அண்ணியையே எழுதச் சொல்லுங்கள், கணக்கு அவர் பெயரில் இருப்பதால். மறுத்துவிட்டால் அவரே பார்த்துக்கொள்ளட்டும். கோமா கலைந்ததும் உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுவார்.