‘எப்படிச் சொல்றதுன்னு தெரியல’

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடிகாலையில் கிளம்பிவிடுவார். மகள் இந்த வருடம் எட்டாவது முடிக்கிறாள். அவளை ஒன்பதாவது ஓசூரிலேயே சேர்த்து, எல்லோரும் அங்கே போய்விடலாம் என்கிறார் கணவர். ஆனால் ‘உன் மனசு என்ன சொல்லுதோ அப்படியே செய்யலாம்’ என்று முடிவை என்னிடமே விட்டுவிட்டார். அத்தைக்கு 68 வயது. ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பை விட்டு வரமாட்டேன், நீங்கள் போங்கள் என்கிறார். குலசாமி கோயிலில் பூ கேட்டோம். போகலாம் என்றால் வெள்ளை வரவேண்டும் என்று வேண்டினோம். வெள்ளையே வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் வரவில்லை. போன மாதம் ஓசூரில் ஒரு வாடகை வீடு பார்த்தோம். நல்ல வீடுதான். உள்ளே நின்று என் தையல் மிஷினை எங்கே போடுவது என்று பார்த்தேன். அப்போது நெஞ்சு ஒரு மாதிரி ஆனது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தினமும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறேன். மனசு ஒன்றும் சொல்வதில்லை, படபடப்புதான் வருகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. மனசு பேசுவது எது, பயம் பேசுவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம், உங்கள் கையெழுத்தில் அது மூன்று பக்கம். மகள் படிப்பைப் பற்றி ஒரு பக்கம், அத்தையைப் பற்றி ஒரு பக்கம், வாடகை, அட்வான்ஸ், கோயில் எல்லாம் சேர்ந்து இன்னொரு பக்கம். தையல் மிஷின் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. ‘எப்படிச் சொல்றதுன்னு தெரியல’ என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். மூன்று பக்கத்தில் வேறெங்கும் நீங்கள் வரி விடவில்லை.

மனசு ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்களே, அந்தக் காலி வரியில்தான் அது பேசியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

உள்ளிருந்து வரும் வழிகாட்டுதல் என்றதும், குறி சொல்கிறவர் வாக்குச் சொல்வதுபோல ‘போ’, ‘போகாதே’ என்று தெளிவாக ஒரு குரல் கேட்கும் என்று பலரும் காத்திருக்கிறார்கள். அப்படிக் கேட்பது அபூர்வம். பெரும்பாலும் அது சொல்லாக வருவதற்கு முன்னால் உடம்பில் வந்து நிற்கும். நெஞ்சில் ஒரு இறுக்கம், தொண்டையில் ஒரு அடைப்பு, அல்லது காரணமே தெரியாமல் ஒரு லேசு. நம் பேச்சிலேயே இது இருக்கிறது. ‘எல்லாம் சரிதான், ஆனா மனசு ஒப்பல’ என்கிறோம். ‘நெஞ்சுல கை வெச்சுச் சொல்லு’ என்கிறோம். நம் பக்கத்திலிருந்து பௌர்ணமிக்கு ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை போய்வருகிறோம் இல்லையா, அங்கே 1896 முதல் 1950 வரை வாழ்ந்த ரமணர் ஒரு எளிய விஷயத்தைச் சுட்டிக்காட்டுவார். ‘நான்’ என்று சொல்லும்போது யாரும் தலையைத் தொட்டுக் காட்டுவதில்லை, மார்பைத்தான் தொடுகிறார்கள் என்பார்.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் ஜென்ட்லின் என்று ஒருவர் இருந்தார். தத்துவமும் உளவியலும் படித்தவர். மனநல ஆலோசனைக்கு வந்தவர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து, யாருக்குப் பலன் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று அவரும் அவரோடு இருந்தவர்களும் கேட்டுப் பார்த்தார்கள். கதையைக் கோவையாக, சரளமாகச் சொன்னவர்கள் முன்னேறிவிடவில்லை. பேச்சு நடுவில் தடுமாறி, ‘அது வந்து... எப்படிச் சொல்றது...’ என்று நிறுத்தி, உள்ளே தேடி, பொருத்தமான சொல் கிடைக்கும்வரை பொறுத்திருந்தவர்களுக்குத்தான் மாற்றம் வந்தது. நீங்கள் எழுதிய அதே வார்த்தைதான், தங்கச்சி. எனவே உங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். கேட்டது. அங்கேயே நிற்காமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள், அவ்வளவுதான்.

சரி, எப்படி நிற்பது?

கண்ணை மூடி உட்கார்ந்ததும் படபடப்பு வருகிறது என்றீர்கள். உட்கார்ந்த உடனே ‘போகலாமா, வேண்டாமா’ என்று மனசின் கழுத்தைப் பிடித்தால் அது என்ன செய்யும்? முதலில் வெளியே கேளுங்கள். உங்கள் வீட்டுப் பின்னாலேயே தோப்பு இருக்கிறது. இப்போது மா பூத்திருக்கும் நேரம். வெயில் ஏறுவதற்குள் ஒரு மரத்தடியில் போய் உட்காருங்கள். கண்ணை மூட வேண்டும் என்றுகூட இல்லை. முதலில் சேலம் ரோட்டு லாரிச் சத்தம்தான் கேட்கும். கொஞ்ச நேரம் போனால் யாரோ வீட்டில் பாத்திரம் தேய்ப்பது கேட்கும். அதற்கும் பிறகு தலைக்கு மேலே, பூங்கொத்துகளுக்குள் ஈயும் தேனீயும் சேர்ந்து போடும் ரீங்காரம் கேட்கும். அது முதலிலிருந்தே இருந்ததுதான், உங்கள் காது அவ்வளவு தூரம் அடங்க வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தபின் வலது கையை நெஞ்சில் வையுங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். அடக்கி வைக்க வேண்டாம்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது தணியும். விடும் மூச்சு நீண்டால் துடிப்பு அடங்குகிறது. நான்கும் ஆறும் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூளையிலிருந்து இதயம், வயிறு வரை ஓடுகிற வேகஸ் என்ற நரம்பின் வேலை இது. அந்த நரம்பிழைகளில் பெரும்பகுதி மேலிருந்து கட்டளை கொண்டுவருபவை இல்லை, உடம்பிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. உங்கள் நெஞ்சும் வயிறும் நாள் முழுக்க மேலே தகவல் அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. அதைக் கேட்க ஒரு பத்து நிமிட அமைதி வேண்டும்.

அடங்கியபின் பெரிய கேள்வியைக் கேட்காதீர்கள். ஒரு காட்சியை மட்டும் வையுங்கள். ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி, ஓசூர் வீடு. அவர் வேலைக்குப் போய்விட்டார், மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? கை என்ன செய்கிறது? உடம்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள், நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுத வேண்டாம். அதே செவ்வாய்க்கிழமை பதினோரு மணியை இப்போதைய வீட்டிலும் வைத்துப் பாருங்கள். வருகிற உணர்ச்சிக்கு ஒரு சொல் தேடுங்கள். ‘பயமா?’ என்று கேட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் நெஞ்சு சும்மா இருக்கும். ‘துக்கமா?’, ‘கோபமா?’, ‘என்னை யாரும் கணக்கில் எடுக்கலையா?’ சரியான சொல் வந்து விழும்போது உங்களுக்கே தெரியும். ஒரு பெருமூச்சு வரும், சில பேருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

பயத்தை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டீர்கள். பயத்துக்கு அவசரம் அதிகம். ராத்திரி மூன்று மணிக்கு வந்து, இப்போதே முடிவு சொல் என்று உலுக்கும். அது ஒற்றையாகவும் வராது, ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்று ஊரையே கூட்டிவரும். பத்து வருடம் கழித்து நடக்கப்போவதை இன்றைக்கே கதையாகச் சொல்லும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். மனசு சொல்வது ரொம்பச் சின்னதாக இருக்கும். காரணம் அடுக்காது. இன்று காலை சொன்னதையே வருகிற வியாழக்கிழமையும் மாற்றாமல் சொல்லும்.

பயத்தைவிட நம்மை அதிகம் ஏமாற்றுவது ஆசை. இதை நான் என் அப்பாவிடம் பார்த்தேன். பென்னாகரம் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம், கேழ்வரகும் சாமையும். மழை பொய்த்த ஒரு வருடம் போர் போட முடிவு செய்தார். நீரோட்டம் பார்க்க, உள்ளங்கையில் உரித்த தேங்காயைப் படுக்கவைத்து நிலத்தில் நடந்தார். வேப்பமரத்துக்கு மேற்கே ஒரு இடத்தில் தேங்காய் நிமிர்ந்து நின்றது. ‘என் மனசு சொல்லுதும்மா, இங்கதான் தண்ணி’ என்றார். அவர் முகத்தில் இருந்த நிச்சயத்தை இன்றும் மறக்க முடியவில்லை. 850 அடி போனது. வெள்ளைத் தூசிதான் வந்தது, எங்கள் தலை, புருவம் எல்லாம் அந்தத் தூசி படிந்து நின்றோம். பல வருடம் கழித்து அப்பாவே சொன்னார்: ‘கடன்ல இருந்தேன். அன்னிக்குத் தேங்காயை எங்க வெச்சிருந்தாலும் நிமிர்ந்திருக்கும்.’

அதனால்தான் சொல்கிறேன், நிலத்தடியில் தண்ணீர் இருக்கிறதா என்பதை நெஞ்சிடம் கேட்கக் கூடாது. அதற்குத் தெரியாது. ஓசூர் பள்ளியில் இடம் கிடைக்குமா, வாடகை போக மாதம் என்ன மிஞ்சும், அவசரம் என்றால் ஏறக்குறைய 60 கிலோமீட்டரைத் தாண்டி அத்தையிடம் எவ்வளவு நேரத்தில் வந்து சேரலாம், இதையெல்லாம் விசாரித்துப் பேப்பரில் எழுதுங்கள். மகள் பத்தாவது பொதுத்தேர்வு எழுத இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நடுவில் மாற்றுவதைவிட இப்போதே மாற்றுவது அவளுக்கு நல்லது என்று உங்கள் கணவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அவரிடம் ஒன்று மட்டும் சொல்வேன்: ‘உன் மனசுப்படி செய்’ என்பது அன்பான வார்த்தைதான், ஆனாலும் அதில் முழு பாரமும் ஒருத்தர் தலையில் ஏறிவிடுகிறது. அவர் மனசையும் அவர் சொல்லட்டும்.

பூ விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை வந்தும் சந்தோஷம் வரவில்லை, இது சாமி குத்தமாகுமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். ஆகாது. நீங்கள் கேட்டது ‘போகலாமா’ என்று. அதற்குப் பதில் கிடைத்தது. எப்படிப் போவது, எதையெல்லாம் கூடவே எடுத்துப் போவது என்று நீங்கள் கேட்கவில்லையே. அந்தப் பூப்பொட்டலத்தைப் பிரித்த நொடியில் உங்கள் நெஞ்சில் விழுந்த கனமும் அதே சன்னிதியில் வந்ததுதான். அதற்கும் மரியாதை கொடுங்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தவறாக இருக்கலாம், நீங்கள்தான் நெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த மிஷினில் உங்கள் சொந்தச் சம்பாத்தியம் இருக்கிறது. ரவிக்கை தைக்க வந்து, அளவு கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். மகளின் படிப்பு, கணவரின் வேலை, அத்தையின் தோப்பு என்று எல்லோருடையதும் கணக்கில் வந்தது. உங்களுடையதை யாரும் கேட்கவில்லை, நீங்களும் சேர்க்கவில்லை. அந்த வெறும் வீட்டில் நின்றபோது உங்கள் கண் தானாகப் போய்த் தேடியது அதைத்தான். இது ‘போகாதே’ என்று சொல்வதாக இருக்க வேண்டியதில்லை. ‘என்னையும் கூட்டிட்டுப் போ’ என்பதாகவும் இருக்கலாம்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மணி விழிப்பும் படபடப்பும் இன்னும் இரண்டு வாரம் இப்படியே இருந்தால் அமைதியாக உட்காருவதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு டாக்டரைப் பார்த்து ரத்தம், பிரஷர், தைராய்டு பார்த்துவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்ணுக்கும் எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், இலவசம்.

மறுபடி அந்த ஓசூர் வீட்டைப் பார்க்கப் போகும்போது உங்கள் இஞ்ச் டேப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். வெளிச்சம் விழுகிற ஜன்னல் எது என்று பார்த்து, அதன் பக்கத்துச் சுவரை அளந்து பாருங்கள். கணவர் டேப்பின் மறுமுனையைப் பிடிக்கட்டும். அளக்கும்போது நெஞ்சு என்ன ஆகிறது என்று கவனித்து, முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா