டைட்டானியத்துல துளியூண்டு வேற எதையாவது சேர்த்தா எப்படி இவ்ளோ ஸ்ட்ராங் ஆகுது?

"0.1 சதவீதம் போட்டா என்ன பெருசா மாறிடப் போகுது"ன்னு கேட்டிருக்கீங்க. டைட்டானியத்த பொறுத்தவரைக்கும் நிறையவே மாறும், அதுலயும் பலபேர் சேர்மானம்னே நினைக்காத ஆக்சிஜன்தான் இதுல பெரிய ஆளு.

ப்யூர் டைட்டானியம்னு விக்கிறதுல கிரேடு 1ல இருந்து 4 வரைக்கும் இருக்கு. கிரேடு 1க்கு குறைஞ்சபட்ச டென்சைல் ஸ்ட்ரெங்த், அதாவது இழுத்தா அறுந்து போகாம தாங்குற பலம், 240 மெகாபாஸ்கல், கிரேடு 4க்கு 550, அதாவது டபுளுக்கும் மேல. அலுமினியம், வனேடியம்னு எதுவுமே சேர்க்கல, ஆக்சிஜன் லிமிட் 0.18 சதவீதத்துல இருந்து 0.40க்கும் இரும்பு 0.20ல இருந்து 0.50க்கும் ஏறியிருக்கு, முக்கியமான வித்தியாசம் அவ்ளோதான். பல் இம்ப்ளாண்ட் நிறைய இந்த கிரேடு 4லதான் வருது.

காரணம் என்னன்னா, ஒரு உலோகம் வளையும்போது அணு வரிசை மொத்தமா ஒரே நேரத்துல நகராது, டிஸ்லொக்கேஷன்னு சொல்ற ஒரு கோணல் கோடு உள்ளுக்குள்ள ஊர்ந்து போகும், அது ஈஸியா ஊர்ந்தா உலோகம் மெத்துனு இருக்கும். ஆக்சிஜன் அணு பொடிசு, டைட்டானியம் அணுவோட எடத்த புடிக்காம நடுவுல இருக்கற சந்துல போய் உக்காந்துக்கும், சுத்தி இருக்கறத நெருக்கித் தள்ளும், அந்த எடத்துல வர்ற டிஸ்லொக்கேஷன் மாட்டிக்கும்.

அப்போ இன்னும் அள்ளிப் போடலாமேன்னு தோணும். முடியாது, ரொம்ப போனா உடைஞ்சிடும். ஃபீல்டுல சிக்ஸ்-ஃபோர்னு சொல்ற 6 சதவீதம் அலுமினியம் 4 சதவீதம் வனேடியம் அலாய்லயே ஆக்சிஜன் 0.20க்கு மேல கூடாது, உடம்புக்குள்ள வைக்கிற வகையில 0.13தான், கொஞ்சம் ஸ்ட்ரெங்த்த விட்டுக்கொடுத்து கிராக் ஓடாம பாத்துக்கறாங்க. டைட்டானியம் வெல்டிங் பண்றவங்க, காத்துல இருக்கற ஆக்சிஜன் படாம மூடற ஆர்கான் கேஸ் விஷயத்துல அவ்ளோ கறாரா இருக்கறதும் இதுக்குத்தான். வெல்டு வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்தா ஓகே, சாம்பல் வெள்ளையா பவுடர் படிஞ்சிருந்தா காத்து உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், வெட்டி எறிய வேண்டியதுதான்.

போரான் கதை வேற. அது திட டைட்டானியத்துல கிட்டத்தட்ட கரையவே கரையாது. சிக்ஸ்-ஃபோர் உருகல்ல 0.1 சதவீதம் போட்டா, உறையும்போது திடமான பகுதி போரான வெளிய தள்ளிக்கிட்டே வளரும், அந்த போரான் முன்னாடி குவிஞ்சு கிரெய்ன், அதாவது உலோகம் உறையும்போது உருவாகற குட்டி குட்டி படிகங்கள், வேகமா வளர விடாம தடுக்கும், கடைசில டைட்டானியம் போரைடு ஊசிகளா கிரெய்ன் ஓரத்துல படிஞ்சிடும். வார்ப்புல மில்லிமீட்டர் கணக்குல இருக்கற கிரெய்ன் சுமாரா பத்துல ஒரு பங்கா சுருங்கிடும்! கிரெய்ன் சின்னதானா ஸ்ட்ரெங்த் ஏறும், ஆனா என்னைக் கேட்டா அதவிட பெரிய லாபம், பெரிய இங்காட்ட (உருக்கி வார்த்த கட்டி) அடிச்சு கிரெய்ன உடைக்கிற வேலை குறையறதுதான்.

சிலிக்கான் சூட்டுக்கு. ஜெட் இன்ஜின் கம்ப்ரஸர்ல 600 டிகிரி வரைக்கும் ஓடற ஐஎம்ஐ 834ங்கற டைட்டானியம் அலாய்ல 0.35 சதவீதம் இருக்கு, சூட்டுல லோடு தாங்கிக்கிட்டே மெல்ல நீண்டு போறத அது தடுக்குது.

கமெண்ட்ல ஒருத்தர் பல்லேடியம் பத்தி கேட்டிருந்தார். கிரேடு 7ல 0.12ல இருந்து 0.25 சதவீதம் வரைக்கும் இருக்குங்க, ஆனா அது ஆசிட் அரிப்புக்குத்தான், ஸ்ட்ரெங்த் கணக்கெல்லாம் கிரேடு 2க்கு என்னவோ அதேதான்.