முடக்கக் காலத்தில் வெளிப்பட்ட பாலின அடையாளம்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று முடக்கத்தில், 15 வயதில் உங்கள் பிள்ளை தன்னைத் திருநம்பி (பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) என்று சொன்னதற்குத் தனிமையும் கைப்பேசியும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடக்கம் ஓர் அடையாளத்தை உருவாக்கிவிடும் என்று நான் கருதவில்லை. சீருடையும் சக மாணவர்களின் பார்வையும் விலகியபோது, நெடுநாளாக உள்ளே கிடந்த கேள்வியை எடுத்துப் பார்க்கப் பலருக்கு அவகாசம் கிடைத்தது. அதே முடக்கம், பழைய பெயர் ஒலிக்கும் வீட்டுக்குள்ளேயே சிலரை அடைத்தும் வைத்தது. இணையவழி வகுப்பில் பிள்ளை கேமராவை அணைத்தே வைத்திருந்ததாக நீங்கள் எழுதியிருப்பது, திரையில் தன் முகத்தைக் காணும் வேதனையாக இருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின், 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து உணரும் பாலினம் வேறுபடுவது மனநோய்களின் பிரிவில் இல்லை. ஆகவே, பிள்ளையின் பாலின அடையாளத்தை மாற்றிவிடுவதாகச் சொல்பவர்களிடம் அழைத்துச் செல்லாதீர்கள். எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று இன்றே கேளுங்கள். உறக்கமோ உணவோ குறைந்தால், இத்துறை அறிந்த மனநல ஆலோசகரைத் தாமதிக்காமல் அணுகுங்கள்.